பாரம் தூக்கிய பின் மேல்வயிற்றில் வலி: காரணங்களும் கவனிக்க வேண்டியவையும்

(வெக்ஸ்போர்ட் வட்டாரத் தமிழ் மக்களுக்காக ஆற்றப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது போலத் தோன்றும். பாரமான ஒரு பொருளைத் தூக்குகிறோம். சற்று நேரத்திலோ, அன்றிரவோ, மறுநாட் காலையிலோ நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே ஒரு வலி தோன்றுகிறது. "வாயு பிடித்துவிட்டது" என்று சொல்லி, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்துக் குடிக்கிறோம். தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் வலி தணிந்தும் விடுகிறது. அதனாலேயே, தணியாத வலியையும், தணியக் காத்திருக்கக் கூடாத வலியையும் அதே பெயரால் அழைக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. விக்ரோறியா பார்க் அவெனியூவிலிருந்து கிழக்கு நோக்கி லோறன்ஸ் அவெனியூ வழியாக 54ஆம் இலக்கப் பேருந்தில் வந்தால், இருபுறமும் உணவகங்களும் பலசரக்குக் கடைகளும் வெதுப்பகங்களும் வாகனம் திருத்தும் இடங்களும் தெரியும். அவற்றின் பின்வாசலில் யாரோ ஒருவர் எந்நேரமும் எதையாவது தூக்கிக்கொண்டிருக்கிறார். 16 லீற்றர் சமையல் எண்ணெய்க் கொள்கலன் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ எடை உடையது. 40 இறாத்தல் அரிசி மூட்டை 18 கிலோவுக்குச் சற்று அதிகம். பண்டகசாலைகளில் இரவு முழுவதும் பெட்டி அடுக்கும் இளைஞர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முதியோர் இல்லங்களில் நோயாளரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பராமரிப்பு ஊழியர்களாக நம் பெண்கள் பலர் பணியாற்றுகிறார்கள். பெட்டிக்காவது பிடிக்க ஒரு விளிம்பு உண்டு. மனித உடலுக்கு அதுவும் இல்லை. இவற்றோடு குளிர்காலத்தில் வாசற்பனி வேறு.

ஒழுங்கு பார்த்துப் பேசுவதாயின் தசைப்பிடிப்பில் தொடங்கி இதயத்தில் முடிக்க வேண்டும். ஆயினும் கூட்டத்தின் நடுவே எழுந்து செல்ல நேரும் ஒருவர் முதலில் கேட்க வேண்டியது இதயத்தைப் பற்றியே. ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதயத்தின் கீழ்ப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் பிரிமென்றகடு என்று நாம் படித்தது இதனைத்தான். அதன் மறுபக்கத்தில் இரைப்பை. இதயத்திலிருந்தும் இரைப்பையிலிருந்தும் வரும் வலியுணர்வு முள்ளந்தண்டின் அண்மையான பகுதிகளிலேயே சென்று சேர்கிறது. எனவே இதயத்தின் குருதிக்குழாய் அடைபடும்போது, சிலருக்கு மார்பு வலிப்பதில்லை. மேல்வயிறு அழுத்துகிறது, குமட்டுகிறது, ஏப்பம் வருகிறது. ஏப்பம் விட்டவுடன் சற்று இலகுவாவது போலவும் தோன்றலாம். பெண்களுக்கும், முதியோருக்கும், நீரிழிவு உள்ளோருக்கும் மாரடைப்பு இவ்வாறு வேடம் மாற்றி வருவது மிகுதி. தெற்காசிய வழியினருக்கு இதய நோய் ஏனையோரைவிட இளவயதிலேயே வருவதும் அறியப்பட்டதே. நீரிழிவும் நம்மிடையே குறைவன்று. இவையெல்லாம் சேருமிடத்தில் "வாயு" என்னும் சொல் ஆபத்தான சொல்லாகிவிடுகிறது.

பாரம் தூக்குவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். குருதி அழுத்தம் சட்டென்று உயர்கிறது, இதயத்துடிப்பு விரைகிறது. ஏற்கெனவே குறுகியிருக்கும் குழாய்க்கு அந்தத் திடீர் வேலை தாங்காது. பனி அள்ளுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான குளிர்கால மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், கடும் பனி பொழிந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரிப்பதைக் கண்டு, 2017இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். பெண்களிடையே அந்த அதிகரிப்பு காணப்படவில்லை. மண்வாரியைப் பெரும்பாலும் யார் கையில் எடுக்கிறார்கள் என்பதும் இதற்கு ஒரு விளக்கமாகலாம்.

ஆகவே, பாரம் தூக்கும்போதோ தூக்கிய பின்னோ மேல்வயிற்றில் அழுத்தமோ இறுக்கமோ தோன்றி, அதனோடு வியர்வை, மூச்சுத்திணறல், தலைச்சுற்று, குமட்டல், தாடைக்கோ தோளுக்கோ இடக்கைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 911ஐ அழையுங்கள். நடந்தால் கூடி, ஓய்ந்தால் குறையும் வலியும் இதயத்தின் குறியே. தாமே வாகனம் ஓட்டிச் செல்ல வேண்டாம். மகன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆங்கிலம் வராவிடில், எது வேண்டும் என்று சொல்லிவிட்டு "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். செலவை எண்ணித் தயங்குவோரும் நம்மிடையே உள்ளனர். ஓஹிப் அட்டை உள்ளவருக்கு, மருத்துவ நோக்கில் தேவையான நோயாளர் வண்டிப் பயணத்துக்கு ஒன்ராறியோவில் அறவிடப்படும் தொகை 45 டொலர். ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவி பெறுவோர் போன்ற சிலருக்கு அதுவும் இல்லை. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து, குருதியைச் சோதித்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை சோதிப்பார்கள். இறுதியில் "இதயம் நன்றாக இருக்கிறது, வாயுதான்" என்று சொல்லி அனுப்பினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அச்சொல்லைச் சொல்லும் உரிமை சோதனை செய்தவருக்கே உண்டு.

இனி வயிற்றுக்கு வருவோம்.

வயிறு என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது இரண்டு வேறு பொருள்களை. ஒன்று சுவர், மற்றது சுவருக்குள் இருக்கும் உறுப்புகள். சுவர் தசைகளால் ஆனது. முன்புறத்தில் விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை இரண்டு நெடுந்தசைகள் இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே, மார்பெலும்பின் நுனியிலிருந்து தொப்புள் வழியாகக் கீழே செல்லும் வெண்மையான நார்ப்பட்டை ஒன்று உண்டு. பக்கங்களில் மூன்று அடுக்குத் தசைகள். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கி இச்சுவரை இறுக்குகிறோம். உள்ளழுத்தம் உயர்ந்து முதுகெலும்புக்கு ஊன்றுகோல் போல் நிற்கிறது. உடல் தன்னைக் காக்கச் செய்யும் ஏற்பாடு இது. ஆனால் அதே அழுத்தம், சுவரில் எங்கு நலிவு உண்டோ அங்கெல்லாம் வழி தேடுகிறது.

மிகப் பெரும்பாலானோருக்கு ஏற்படுவது தசை நார் இழுபட்டு நோதலே. இவ்வலிக்கு ஓர் இடம் உண்டு, விரலால் சுட்டிக்காட்டலாம். எழும்போது, திரும்பும்போது, இருமும்போது, சிரிக்கும்போது கூடும். அசையாமல் படுத்திருந்தால் குறையும். உணவுக்கும் இதற்கும் தொடர்பிராது. 1926இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் கார்நெற் என்னும் அறுவை மருத்துவர் ஓர் எளிய சோதனையை விவரித்தார். மருத்துவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் வலிக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தியபடி, தலையையும் தோளையும் சற்றுத் தூக்கச் சொல்வார்கள். சுவர் இறுகும்போது வலி கூடினால் நோவு பெரும்பாலும் சுவரில், குறைந்தால் உள்ளே. மருத்துவர் உங்களிடம் இப்படிச் செய்யச் சொன்னால் ஏன் என்று விளங்கிக்கொள்வதற்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டில் ஒருவரை ஒருவர் அழுத்திப் பார்த்து முடிவு கட்டுவதற்காக அன்று.

தசைநோவுக்கு முதல் இரண்டு நாள்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், பின்னர் விரும்பினால் வெந்நீர் ஒத்தடம், சில நாள்கள் பாரம் தூக்காதிருத்தல், ஆயினும் முற்றாகப் படுத்துவிடாமல் நடமாடுதல் ஆகியவையே மருந்து. தைலம் தடவுவதில் தீங்கில்லை. இரண்டு வாரத்துக்குள் தெளிவாகக் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்போருக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவற்றை உட்கொள்பவருக்குப் பாரம் தூக்கியதாலோ கடுமையாக இருமியதாலோ நெடுந்தசையின் உறைக்குள் குருதி கசிந்து கட்டியாகலாம். வயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென வீக்கமும் கண்டலும் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

அடுத்தது இறக்கம். குடலிறக்கம் என்றவுடன் நாம் அரையை நினைக்கிறோம். ஆனால் மேல்வயிற்றிலும் இறக்கம் உண்டு. முன்னர் சொன்ன வெண்ணார்ப் பட்டையில் சிறு துளை இருந்தால், அதன் வழியே உட்கொழுப்பு வெளியே தள்ளப்படுகிறது. தொப்புளுக்கும் மார்பெலும்புக்கும் இடையே நடுக்கோட்டில், ஒரு பட்டாணி அளவிலோ நெல்லிக்காய் அளவிலோ ஒரு புடைப்பு. அளவு சிறிது, வலியோ அளவுக்கு மீறியது. நின்று இருமினால் தெரியும், படுத்தால் மறையும். தொப்புளிலும், முன்பு அறுவை செய்த தழும்பிலும் இவ்வாறே ஏற்படலாம். பித்தப்பை அறுவை செய்தோரும் மகப்பேற்று அறுவை செய்த தாய்மாரும் தழும்பைக் கவனிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றின் பின் இரண்டு நெடுந்தசைகளும் விலகி, படுக்கையிலிருந்து எழும்போது நடுவயிறு மேடாகத் தெரிவது வேறு. அது துளையன்று, பயிற்சியால் பெரிதும் சீராகக்கூடியது.

பாரம் தூக்கியதால்தான் இறக்கம் வந்ததா என்று கேட்பார்கள். சுவரில் நலிவு பெரும்பாலும் முன்பே இருந்திருக்கும். பிறப்பிலேயே இருந்திருக்கலாம், உடற்பருமனோ நெடுநாள் இருமலோ மலச்சிக்கலோ வளர்த்திருக்கலாம். பாரம் அதை வெளிக்கொணர்கிறது. வேலையிடத்தில் நேர்ந்தால் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வளர்ந்தோருக்கு வந்த இறக்கம் தானாக மூடிக்கொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் உடனே அறுவை தேவைப்படுவதும் இல்லை. ஆனால் புடைப்பு உள்ளே போக மறுத்து, கல்லாக இறுகி, நிறம் மாறி, வாந்தியும் சேர்ந்தால், உள்ளே அகப்பட்ட பகுதிக்குக் குருதி செல்லவில்லை என்று பொருள். அப்போது மணிக்கணக்கே உண்டு, நாள்கணக்கு இல்லை. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் பூசி வயிற்றை உருவுவதும் தட்டுவதும் உண்டு. இங்கும் அதைச் செய்து தரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பரிவை நான் குறை கூறவில்லை. ஆனால் புடைப்பு உள்ள வயிற்றை உருவக் கூடாது. அகப்பட்ட குடலை அமுக்கினால் கிழியும்.

இறக்கம் பற்றிப் பேசுகையில், நமக்கு அண்மையிலேயே இதன் வரலாறு ஒன்று உள்ளது. இரண்டாம் உலகப்போரின் போது கனடியப் படையில் சேர விரும்பிய இளைஞர் பலர் குடலிறக்கம் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். ரொறன்ரோ அறுவை மருத்துவர் எட்வேர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் அவர்களுக்கு அறுவை செய்துவந்தார். போர் முடிந்த 1945இல் இறக்கத்துக்கென்றே ஒரு மருத்துவமனையை அவர் ரொறன்ரோவில் தொடங்கினார். தைத்த பின் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே வழக்கமாக இருந்த காலத்தில், உடலின் அப்பகுதியை மட்டும் மரக்கச் செய்து அறுவை முடித்து, நோயாளரை உடனே எழுந்து நடக்கச் செய்தவர் அவர். இன்று அம்மருத்துவமனை நகருக்கு வடக்கே தோர்ன்ஹில்லில் உள்ளது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கு வருகிறார்கள். எல்லோரும் அங்கே செல்ல வேண்டும் என்பதில்லை; ஸ்காபரோ மருத்துவமனைகளிலும் இவ்வறுவை நடைபெறுகிறது. "அறுவை செய்தால் வேலைக்கே போக முடியாது" என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யும் அண்ணன்மாருக்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி மூன்றாவது, வெளியே தெரியாத இறக்கம். உணவுக்குழாய் உதரவிதானத்தைக் கடக்கும் இடத்தில் துளை தளர்ந்தால் இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறுகிறது. அமிலமும் மேலேறுகிறது. உண்டவுடன் குனிந்து பாரம் தூக்குவோருக்கும், இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுவோருக்கும் எரிவு மிகும். உணவகத்தில் வேலை செய்வோர் பிற்பகல் மூன்று மணிக்கு அவசரமாகச் சோறுண்டு, மூன்றேகாலுக்குச் சரக்கு இறக்கப் போகிறார்கள். முடிந்தால் வரிசையை மாற்றுங்கள்: சரக்கு முதலில், சோறு பிறகு. இரவில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பதும், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்பதும் உதவும்.

நான்காவதாகச் சொல்லவிருப்பது நோவுக்குளிசை. என் கருத்தில் இன்றைய பேச்சின் முக்கியமான பகுதிகளுள் இது ஒன்று. பாரம் தூக்குவோருக்கு முதுகுவலி இயல்பு. முதுகுவலிக்கு அட்வில், மோட்ரின், அலீவ் என்று நாளுக்கு நான்கைந்து குளிசைகள், அதுவும் வெறும்வயிற்றில் தேநீரோடு. இவ்வகை மருந்துகள் இரைப்பையின் உட்போர்வையைக் காக்கும் சுரப்பைக் குறைக்கின்றன. மாதங்கள் செல்ல அங்கு புண் ஏற்படுகிறது. பிறகு ஒருநாள் மேல்வயிறு வலிக்கிறது. பாரம் தூக்கியதால் வந்த வலி என்று எண்ணி, அதற்கும் அதே குளிசை. புண்ணுக்குத் தீனி போடுவதுபோல் ஆகிறது. மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, கோப்பித்தூள் போல வாந்தி வந்தாலோ புண்ணிலிருந்து குருதி கசிகிறது, அது அவசரம். இரும்புக் குளிசை உண்போருக்கும் மலம் கறுக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் தார்போல ஒட்டும் தன்மையும் துர்நாற்றமும் இருந்தால் இரும்பென்று விட்டுவிடாதீர்கள். ரைலனோல் வகை இரைப்பையை இவ்வாறு புண்ணாக்குவதில்லை. ஆனால் குறித்த அளவை மீறினால் ஈரலைக் கெடுக்கும். தடிமல் மருந்துகள் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். எதை, எத்தனை, எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் வாங்கியது மருந்தல்ல என்று பலர் அதைச் சொல்வதே இல்லை.

இரைப்பைப் புண்ணுக்கு மற்றொரு காரணம் ஹெலிகோபக்ரர் பைலோரி என்னும் கிருமி. இதைக் கண்டறிந்த பரி மார்ஷல், ரொபின் வொரன் என்னும் ஆஸ்திரேலியர் இருவருக்கும் 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தெற்காசியாவில் பிறந்தோரிடம் இக்கிருமி மிகுதியாகக் காணப்படுகிறது. மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ கண்டுபிடித்து, மருந்தால் நீக்கலாம்.

ஏனையவற்றை விரைந்து சொல்கிறேன். கொழுப்பான உணவுக்குப் பின் வலப்பக்க விலாவின் கீழ் தோன்றி வலத்தோளுக்கு ஏறும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். நடு வயிற்றில் தொடங்கி முதுகை ஊடுருவி, முன்னே குனிந்தால் சற்றுக் குறையும் கடும்வலி கணைய அழற்சியாகலாம். இவற்றுக்குப் பாரம் காரணமன்று. தூக்கிய நாளில் வலித்ததால் தூக்கியதன்மேல் பழி விழுகிறது. விலாவின் குருத்தெலும்பு நோவும் மேல்வயிற்று வலியாகத் தெரியும். எலும்பு தேய்ந்த மூதாட்டியர் பேரப்பிள்ளையைத் தூக்கியபோது முள்ளெலும்பு நொறுங்கி, வலி பட்டிபோலச் சுற்றி முன்னே வருவதும் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாக எரிந்து, சில நாள்களில் கொப்புளம் தோன்றினால் அது அக்கி. புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைபிடித்த முதிய ஆண்களுக்கு வயிற்றின் பெருநாடி வீங்கியிருக்கலாம். அது வெடிக்கும்போது வயிறும் முதுகும் கிழிவதுபோல் வலித்து மயக்கம் வரும். 65 முதல் 80 வயதுவரையான ஆண்கள் ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்து பார்க்க வேண்டும் என்று கனடியத் தடுப்புச் சுகாதாரச் செயற்குழு 2017இல் பரிந்துரைத்துள்ளது. அந்த வயதுக்குரியவர்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது? இதயத்தின் குறிகளையும் இறக்கம் இறுகும் குறிகளையும் குருதிக் கசிவின் குறிகளையும் சொல்லிவிட்டேன். அவற்றோடு, பலகைபோல் இறுகிய வயிறு, மயக்கம், காய்ச்சலோடு கூடிய கடும்வலி, கண் மஞ்சளாதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல், ஆனால் மனத்தில் ஐயம் இருந்தால் 811ஐ அழையுங்கள். இரவும் பகலும் பதிவுபெற்ற தாதியர் இலவசமாக ஆலோசனை தருவார்கள்; மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். ஓஹிப் அட்டை இல்லாதவர்களும் சமூக சுகாதார நிலையங்களில் மருத்துவரைக் காண வழியுண்டு. அருகிலுள்ளது எது என்பதை 211 இல் கேட்டறியலாம்.

இனி வேலையிடம். வேலையில் தூக்கியபோது வலித்தால், எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, எழுத்தில் பதியச் செய்யுங்கள். நேரம், தூக்கிய பொருள், அதன் எடை, அருகில் இருந்தவர் ஆகியவற்றை நீங்களும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் முதல் சொல்லே "வேலையில் நேர்ந்தது" என்பதாக இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் வேலையிடப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபைக்கு எட்டாம் இலக்கப் படிவத்தை அனுப்புவார். டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று நாம் சொல்வது அச்சபையையே. மருத்துவ கவனிப்புத் தேவைப்பட்டதை அறிந்த மூன்று வேலை நாள்களுக்குள் தொழில்வழங்குநர் ஏழாம் இலக்கப் படிவத்தை அனுப்ப வேண்டும். தொழிலாளி தம் ஆறாம் இலக்கப் படிவத்தை ஆறு மாதத்துக்குள் அனுப்பலாம். ஆனால் ஆறு மாதம் காத்திருப்பவரின் கதையை நிறுவுவது கடினம். "வீட்டில் நடந்தது என்று சொல், சம்பளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முறையீடு செய்யவிடாமல் தடுப்பது ஒன்ராறியோச் சட்டப்படி குற்றம். முகவரகம் வழியாக வேலை செய்பவர் முகவரகத்துக்கும் வேலையிடத்துக்கும் ஆக இரண்டு இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். தொழில்வழங்குநர் சபையில் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும், அத்தொழில் சட்டத்துக்குள் அடங்கியதாயின் தொழிலாளியின் உரிமை போய்விடாது.

இறக்கத்துக்கு "உன் உடலில் ஏற்கெனவே இருந்தது" என்ற மறுப்பு வருவதுண்டு. அன்று வலித்தது, அன்றே சொன்னார், அன்றோ மறுநாளோ மருத்துவரைக் கண்டார் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால், அம்மறுப்புக்கு விடை சொல்வது எளிதாகிறது. மறுக்கப்பட்டாலும் மேன்முறையீடு உண்டு. தொழிற்சங்கம் இல்லாத தொழிலாளருக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது.

எத்தனை கிலோவரை தூக்கச் சொல்லலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்ராறியோச் சட்டம் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. எந்தத் தொழிலாளியின் பாதுகாப்புக்கும் ஊறு நேராத முறையில் பொருள்கள் தூக்கப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவின் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கில் 23 கிலோ உச்சமாகக் கொள்ளப்படுகிறது. அதுவும் பொருள் உடலோடு ஒட்டி, இடுப்புயரத்தில், உடலைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கும் நிலைக்கே பொருந்தும். நிலத்திலிருந்து எடுத்தால், எட்டிப் பிடித்தால், உடலைத் திருப்பினால், நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் அவ்வெண் வேகமாகச் சரிகிறது. ஆகையால் 18 கிலோ மூட்டையை நிலத்திலிருந்து எடுத்துத் திரும்பி அடுக்குவது சிறிய வேலையன்று. ஆபத்தென்று நம்பும் வேலையை மறுக்கும் உரிமை பெரும்பாலான தொழிலாளருக்குச் சட்டப்படி உண்டு. மறுத்ததற்காகத் தண்டிக்கக் கூடாது. பராமரிப்பு ஊழியர்கள், தூக்கும் கருவி இருந்தும் இரண்டாவது ஆள் இல்லை என்பதற்காகத் தனியே தூக்க வேண்டாம்.

தூக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கால்களை அகற்றி, முழங்காலை மடித்து, பொருளை வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்காமல், தூக்கும்போது மெல்ல வெளியே விடுங்கள். திரும்ப வேண்டுமாயின் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வையுங்கள். மூட்டையைக் கடையிலேயே இரண்டாகப் பிரித்துத் தரக் கேட்கலாம். பனியை அள்ளி எறிவதைவிடத் தள்ளுவது நல்லது. விழுந்து முடியும்வரை காத்திராமல் இடையிடையே சிறிது சிறிதாகத் தள்ளுங்கள்.

மாநகரசபையின் உதவிகளும் சில உண்டு. உடல்நிலை காரணமாகக் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்துச் செல்ல இயலாதவர்கள் 311ஐ அழைத்து, வீட்டு வாசலிலேயே வந்து எடுத்துச் செல்லும் சேவைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மருத்துவரின் உறுதிப்படுத்தல் கேட்கப்படும். பழைய கட்டில், சோபா போன்றவற்றை எப்போது, எவ்வாறு வெளியே வைப்பது என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். அவற்றைப் படிக்கட்டில் தனியே இறக்க முனையாதீர்கள். வேலையிடக் காயம் பற்றிய சபையின் இலவசத் தொலைபேசி இலக்கம் 1-800-387-0750.

மருத்துவரைக் காணச் செல்லும்போது உட்கொள்ளும் குளிசைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கியவை, ஊரிலிருந்து வந்த மருந்துகள் உட்பட. வலி எங்கே என்று விரலால் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எதைத் தூக்கினீர்கள், உண்டால் கூடுகிறதா, அசைந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா என்பதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனால் நல்லது. மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பிள்ளை முன்னால் சொல்ல முடியாததும் இருக்கலாம் என்பதை எண்ணி, சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவையுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் உள்ள அம்மா நெடுநேரமாகக் கையை உயர்த்தியபடி இருக்கிறார், அவரிலிருந்து தொடங்குவோம்.